வயிற்றுப் பிள்ளைக்கும் சேர்த்து ஒரு மாத்திரை

தாய்மார் பகுதி



இந்த மாதம் வந்த கடிதங்களில் ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை. செம்பனைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருந்தார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. இரண்டு வருடமாகத் தைராய்டு மாத்திரை சாப்பிட்டு வருகிறாராம். இப்போது நாள் தள்ளிப் போய் இரண்டு மாதம் ஆகிறது. அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்:

"வயிற்றில் பிள்ளை இருக்கும்போது மருந்து மாத்திரை ஆகாது, பிள்ளைக்கு ஊனம் வந்துவிடும் என்று மாமி சொன்னார்கள். மூன்று வாரமாக நிறுத்திவிட்டேன். ஒரே அசதியாக இருக்கிறது. கிளினிக்கில் அடுத்த மாதம்தான் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதுவரை பொறுக்கலாமா அக்கா?"

பொறுக்கக் கூடாது தங்கச்சி! நிறுத்திய மாத்திரையை நாளைக் காலையே மறுபடி தொடங்கு. தேதிக்குக் காத்திராமல் உடனே கிளினிக்குக்குப் போ என்று அன்றைக்கே அவருக்குத் தனியாகப் பதில் எழுதிவிட்டேன். ஆனால் இந்தச் சந்தேகம் அவர் ஒருவருக்கு மட்டும் உரியது அல்ல. எத்தனையோ வீடுகளில் இதே பேச்சு நடக்கிறது. ஆகவே இம்முறை நம் பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்குகிறேன்.

மாமியைக் குறை சொல்ல நான் வரவில்லை. கண்ட மருந்தைச் சாப்பிடாதே என்று பிள்ளைத்தாய்ச்சிக்குச் சொல்வது நல்ல புத்திதான். கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை, யாரோ கொடுத்த லேகியம், இவற்றுக்கெல்லாம் அந்தப் புத்தி பொருந்தும். தைராய்டு மாத்திரைக்கு மட்டும் அது பொருந்தாது. ஏன் என்று பார்ப்போம்.

கழுத்துக்குள் இருக்கும் வண்ணத்துப்பூச்சி

முன் கழுத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் ஒரு சுரப்பி இருக்கிறது. அதுதான் தைராய்டு. நாம் உண்ணும் உணவில் உள்ள அயோடின் சத்தை எடுத்துத் தைராக்சின் என்ற சுரப்பை அது உண்டாக்குகிறது. உடம்பு என்ன வேகத்தில் வேலை செய்ய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது இந்தச் சுரப்புதான். அடுப்பில் தீயைக் கூட்டிக் குறைப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தீ குறைந்தால் என்ன ஆகும்? உடம்பு அசந்து போகும், எடை கூடும், குளிர் தாங்காது, மலச்சிக்கல் வரும், தோல் வறளும், முடி கொட்டும், முகம் உப்பும், குரல் கனக்கும். இது தைராய்டுக் குறைவு. தீ அதிகமானால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், நன்றாகச் சாப்பிட்டும் உடம்பு இளைக்கும், வெக்கை தாங்காது, சிலருக்குக் கண் பிதுங்கும். இது தைராய்டு மிகைப்பு. இரண்டும் ஆண்களைவிடப் பெண்களுக்கே பல மடங்கு அதிகமாக வருகின்றன.

உப்பில் அயோடின் கிடைக்கும் இடங்களில், குறைவுக்குப் பெரும்பாலும் காரணம் நம் உடம்பேதான். நோயை எதிர்க்க வேண்டிய உடம்பின் காவல் படை, ஆள் அடையாளம் தெரியாமல் சொந்தச் சுரப்பியையே தாக்குகிறது. இதை 1912-இல் ஹாஷிமோட்டோ என்ற ஜப்பானிய டாக்டர் முதலில் எழுதி வைத்தார். இன்றும் அந்த நோய்க்கு அவர் பெயர்தான். ஆகவே, "நான் என்ன பாவம் செய்தேன், எதைத் தின்று தொலைத்தேன்?" என்று யாரும் அழ வேண்டாம். இது யார் செய்த குற்றமும் இல்லை.

ஒரு பானைச் சோறு, இரண்டு வயிறு

இப்போது கர்ப்பத்துக்கு வருவோம். வயிற்றில் வளரும் கருவுக்கும் தைராக்சின் வேண்டும். முக்கியமாக மூளை வளர்வதற்கு வேண்டும். ஆனால் கருவின் சொந்தச் சுரப்பி ஏறத்தாழ 12 வாரத்தில்தான் வேலையைத் தொடங்குகிறது. ஓரளவு தன் காலில் நிற்க 18 முதல் 20 வாரம் ஆகிவிடும். அதுவரை பிள்ளை தாயின் இரத்தத்திலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு பானைச் சோற்றை இரண்டு பேர் பகிர்வது போல.

நல்ல சுரப்பி உள்ள தாய்க்கு இதனால் கஷ்டம் இல்லை. அவள் உடம்பு கூடுதலாகச் சுரந்துகொள்ளும். குறைவு உள்ள தாயின் சுரப்பியால் அது முடியாது. ஆகவேதான், கர்ப்பம் என்று தெரிந்ததும் டாக்டர்கள் மாத்திரையை நிறுத்துவதில்லை, கூட்டுகிறார்கள். முன்பு சாப்பிட்ட அளவைவிடக் கால் பங்கிலிருந்து பாதிப் பங்குவரை அதிகமாகத் தேவைப்படலாம். மாமி குறைக்கச் சொன்ன இடத்தில் டாக்டர் கூட்டச் சொல்கிறார். எவ்வளவு நேர் எதிர் பாருங்கள்!

குறைவைக் கவனிக்காமல் விட்டால் கருச்சிதைவு, இரத்தச் சோகை, இரத்த அழுத்தம், குறை மாதப் பிரசவம், எடை குறைந்த பிள்ளை ஆகியவற்றுக்கு வாய்ப்பு கூடுகிறது. கடுமையான குறைவாக இருந்தால் பிள்ளையின் அறிவு வளர்ச்சியும் பாதிக்கப்படலாம். பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு, இரத்தச் சோதனையில் அளவு சரியாக இருக்கும் தாய்மார் மற்றவர்களைப் போலவே நல்ல பிள்ளை பெறுகிறார்கள். நினைவில் வைக்க வேண்டியது இந்த இரண்டாவது செய்திதான்.

என் சிறு வயதில், நாங்கள் இருந்த லயத்தில் ஒரு அக்காள் இருந்தார். கழுத்து வீங்கியிருக்கும். பால் வெட்டி வந்தால் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிடுவார். "சோம்பேறி" என்று குழாயடியில் பேசுவார்கள். கழுத்துக்குக் கயிறு மந்திரித்துக் கட்டினார்கள். இரண்டு பிள்ளை வயிற்றிலேயே கலைந்துவிட்டது. அதற்கும் அவரைத்தான் ஏசினார்கள். அவருக்கு என்ன நோய் என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. நானும் இன்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனாலும் இந்தக் கட்டுரைக்காகப் படிக்கும்போதெல்லாம் அந்த வாசற்படிதான் கண்முன் வந்து நின்றது.

மசக்கையா, தைராய்டா?

"அசதி, மலச்சிக்கல், எடை கூடுவது, இதெல்லாம் முழுகாமல் இருக்கும் எல்லாருக்கும் வருவதுதானே?" என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. அதனால்தான் அறிகுறியை வைத்து முடிவு கட்ட முடியாது. இரத்தச் சோதனை ஒன்றே வழி. அதில் டி.எஸ்.எச். என்ற அளவைப் பார்ப்பார்கள். இது மூளையின் அடியில் உள்ள சுரப்பி தைராய்டுக்கு அனுப்பும் உத்தரவு. தைராய்டு மந்தமானால் உத்தரவு உரக்கப் போகும், அதாவது டி.எஸ்.எச். கூடும். ஆள் வேலை செய்யாவிட்டால் மண்டோரின் சத்தம் கூடுவதில்லையா, அதுபோல!

கர்ப்பிணிகளுக்கு வழக்கமாக எடுக்கும் சோதனைகளில் இது எல்லாருக்கும் இடம்பெறுவதில்லை. நீங்கள்தான் வாய் திறந்து சொல்ல வேண்டும். யார் சொல்ல வேண்டும்?

தைராய்டுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள். முன்பு சாப்பிட்டு விட்டவர்கள். தைராய்டுக்கு அறுவை சிகிச்சையோ கதிர் அயோடின் சிகிச்சையோ செய்துகொண்டவர்கள். கழுத்தில் வீக்கம் உள்ளவர்கள். தாய்க்கோ உடன்பிறந்தவர்களுக்கோ இந்த நோய் இருப்பவர்கள். சிறு வயதிலிருந்தே இன்சுலின் ஊசி போடும் நீரிழிவுக்காரர்கள். கருச்சிதைவு ஆனவர்கள், பிள்ளைக்காக நீண்ட நாள் காத்திருந்தவர்கள். இவர்கள் அனைவரும் முதல் நாளிலேயே மிசியிடம் சொல்லிவிடுங்கள். "அது எப்போதோ சரியாகிவிட்டது" என்று விட்டுவிடாதீர்கள். மிகைப்பு நோய் குணமான பிறகும் அதன் மிச்சம் இரத்தத்தில் இருந்து பிள்ளையைத் தொடக்கூடும்.

பேச்சு வராது என்று தயங்க வேண்டாம். "சாயா மெங்கண்டோங், அடா மசாலா திரோய்ட்" என்றால் போதும். மலாயில் மசாலா என்றால் சிக்கல். நம் வீட்டுக் கறி மசாலா அன்று! அந்தச் சிவப்பு ரோஜா நிறக் கர்ப்பப் புத்தகத்தோடு பழைய மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.

விடியற்காலை மாத்திரை

இந்த மாத்திரை வேற்றுப் பொருள் அல்ல என்பதற்கு ஒரு பழங்கதை சொல்கிறேன். 1891-இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மரே என்ற டாக்டர், தைராய்டுக் குறைவால் மிகவும் நொந்துபோன 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றைக் கொடுத்துப் பார்த்தார். அந்த அம்மாள் எழுந்து நடமாடி, மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்து 74 வயதில் இறந்தார். 1914-இல் அமெரிக்காவில் கெண்டல் என்பவர் தைராக்சினைத் தனியே பிரித்தெடுத்தார். இன்று நாம் பெறும் தைராக்சின் மாத்திரை ஆட்டிலிருந்து வருவதில்லை. தொழிற்சாலையில் செய்கிறார்கள். ஆனால் நம் கழுத்தில் சுரப்பதும் அதுவும் ஒன்றேதான். கிணறு வற்றினால் குழாய்த் தண்ணீர் எடுக்கிறோம், தண்ணீர் தண்ணீர்தானே? அளவோடு சாப்பிட்டால் பிள்ளைக்கு அதனால் ஊனம் வராது.

ஆனால் சாப்பிடும் முறையில்தான் பலர் தவறிவிடுகிறார்கள். சில விதிகள்:

ஒன்று. வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு விழுங்க வேண்டும். பிறகு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் எதுவும் வேண்டாம். கோப்பியும் வேண்டாம். விடியற்காலை நாலரைக்கு எழுந்து வேலைக்குப் போகிறவர்களுக்கு இது சுலபம். எழுந்தவுடன் மாத்திரை, பிறகு அடுப்பு மூட்டி, சோறு கட்டி, பிள்ளைகளை எழுப்புவதற்குள் நேரம் ஆகிவிடும். அப்போது கோப்பி குடிக்கலாம்.

இரண்டு. கிளினிக்கில் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையையும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் இதோடு சேர்த்து விழுங்கவே கூடாது. அவை தைராக்சினைப் பிடித்து வைத்துக்கொண்டு இரத்தத்தில் சேரவிடாது. குறைந்தது நாலு மணி நேர இடைவெளி வேண்டும். தைராய்டு மாத்திரை காலையில், இரும்பு மாத்திரை மதியமோ இரவோ என்று வைத்துக்கொள்ளுங்கள். சோயாப் பாலும் உறிஞ்சுவதைத் தடுக்கும். அதையும் தள்ளிக் குடியுங்கள்.

மூன்று. தினமும் சாப்பிட வேண்டும். மறந்துவிட்டால் அன்றைக்கே, வயிறு காலியாக இருக்கும்போது சாப்பிடுங்கள். தீரும்வரை காத்திராமல் ஒரு வாரம் முன்பே புது மாத்திரை வாங்கிவிடுங்கள்.

நான்கு. தகரக் கூரைச் சூட்டிலும் அடுப்படியிலும் வைக்காதீர்கள். வெயிலும் ஈரமும் படாத பெட்டியில் வையுங்கள்.

ஐந்து. கர்ப்பத்தின் பாதிக்காலம் வரை நாலு வாரத்துக்கு ஒரு முறையும், பிறகு 30 வாரத்தை ஒட்டி ஒரு முறையாவதும் இரத்தம் சோதிக்க வேண்டும். மாத்திரையின் அளவு அதைப் பொறுத்தே மாறும். அண்டை வீட்டுக்காரியின் அளவு உங்களுக்கு ஆகாது. போன பிரசவத்தின் அளவும் ஆகாது.

தீ அதிகமானால்

கர்ப்பத்தின் முதல் மாதங்களில் உண்டாகும் ஒரு சுரப்பு, மேலே சொன்ன டி.எஸ்.எச். போலவே தோற்றம் காட்டித் தைராய்டைத் தூண்டிவிடும். வாந்தி கடுமையாக இருப்பவர்களுக்கும் இரட்டைப் பிள்ளை சுமப்பவர்களுக்கும் இது அதிகம். பெரும்பாலும் மருந்தில்லாமலே, நாலைந்து மாதத்தில் தானாக அடங்கிவிடும். ஆனால் வாந்தியால் தண்ணீர்கூடத் தங்காமல், சிறுநீர் குறைந்து, மயக்கம் வந்தால் மசக்கைதானே என்று படுத்துக் கிடக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

உண்மையான மிகைப்பு நோய் வேறு. அதற்கு மருந்து கட்டாயம். கார்பிமசோல் என்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். முதல் மூன்று மாதத்தில் அது பிள்ளைக்குக் குறை உண்டாக்க வாய்ப்பு இருப்பதால், அக்காலத்தில் பி.டி.யு. என்ற வேறு மருந்துக்கு மாற்றுவார்கள். சிலருக்கு மருந்தே வேண்டாம் என்றும் முடிவு செய்யலாம். ஆகவே பிள்ளை வேண்டும் என்று நினைக்கும்போதே டாக்டரிடம் சொல்லுங்கள். நாள் தள்ளிப் போனால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். நீங்களாக நிறுத்தவும் கூடாது. இந்த மருந்துகளைச் சாப்பிடும்போது காய்ச்சலோடு தொண்டை வலி கண்டால், மருந்தை நிறுத்திவிட்டு அன்றே இரத்தம் சோதிக்கப் போங்கள். அபூர்வமாக இரத்தத்தின் வெள்ளணுக்கள் குறைந்து ஆபத்தாகிவிடும். கதிர் அயோடின் சிகிச்சை கர்ப்பிணிக்கு அறவே கூடாது. அந்தச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் குறைந்தது ஆறு மாதம் கழித்தே கருத்தரிக்கலாம்.

சமையற்கட்டில்

அயோடின் சேர்த்த உப்பையே வாங்குங்கள். கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் நாளொன்றுக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும். மற்றப் பெரியவர்களுக்கு 150 போதும். உப்பை மூடி வையுங்கள்; அடுப்பை அணைக்கும் நேரத்தில் குழம்பில் போடுங்கள். சூட்டிலும் ஈரத்திலும் அயோடின் போய்விடும். அதற்காக உப்பை அள்ளிப் போடக் கூடாது. இரத்த அழுத்தம் ஏறும். கடல் மீன், முட்டை, பால் ஆகியவற்றிலும் அயோடின் இருக்கிறது. கடற்பாசி மாத்திரைகளை வாங்கிச் சாப்பிட வேண்டாம். அயோடின் மிஞ்சினாலும் சுரப்பி கெடும்.

மரவள்ளிக் கிழங்கும் கோபிசும் தைராய்டுக்கு ஆகாது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அயோடின் போதாத ஊர்களில், மரவள்ளியையே தினச் சோறாக உண்பவர்களுக்கு அது தொந்தரவுதான். நல்ல உப்பு சேர்க்கும் வீட்டில், வேகவைத்து எப்போதாவது உண்பதால் கெடுதல் இல்லை. எல்லாவற்றையும் விலக்கி, பத்தியம் என்று பிள்ளைத்தாய்ச்சியைப் பட்டினி போடாதீர்கள்.

பிள்ளை பிறந்த பிறகு

நம் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பிள்ளை பிறந்ததும் தொப்புள் கொடி இரத்தத்தை எடுத்துத் தைராய்டு சோதிக்கிறார்கள். உலகில் ஏறத்தாழ 3,000 முதல் 4,000 பிள்ளைகளில் ஒன்று தைராய்டு சரியாக இல்லாமல் பிறக்கிறது. பார்த்தால் தெரியாது. முதல் இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்கினால் அந்தப் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போல் வளரும். ஆகவே மறுபடி வரச் சொல்லித் தகவல் வந்தால், தீட்டுக் கழியட்டும் என்று காத்திராமல் உடனே தூக்கிக்கொண்டு போங்கள்.

தாயின் மாத்திரையைப் பிரசவத்துக்குப் பின் பெரும்பாலும் பழைய அளவுக்குக் குறைப்பார்கள். ஆறு வாரத்தில் மறுபடி இரத்தம் பார்ப்பார்கள். தைராக்சின் சாப்பிட்டுக்கொண்டே தாய்ப்பால் கொடுக்கலாம். மிகைப்பு மருந்தும் டாக்டர் சொல்லும் அளவில் இருந்தால் பால் கொடுக்கத் தடையில்லை.

இன்னொன்று. முன்பு எந்த நோயும் இல்லாத பெண்ணுக்கும், பிள்ளை பிறந்த ஓராண்டுக்குள் தைராய்டு கலங்கலாம். நூற்றில் ஐந்து பேர் அளவுக்கு இப்படி ஆகிறது. முதலில் சில வாரம் படபடப்பும் தூக்கமின்மையும். பிறகு சில மாதம் அசதியும் மனச்சோர்வும். பிள்ளையைப் பார்த்தாலும் சிரிப்பு வராது, சும்மாவே அழுகை வரும். இதைப் பார்த்துவிட்டுக் காத்து கருப்பு என்று வேப்பிலை தேடுகிறார்கள். சாமி கும்பிடுவதைத் தடுக்க நான் யார்? கும்பிட்டுவிட்டு இரத்தமும் சோதியுங்கள். பலருக்கு இது ஓராண்டில் சரியாகிவிடும். சிலருக்கு மாத்திரை தொடர வேண்டியிருக்கும்.

ஆண்களுக்கும் மாமியாருக்கும்

இந்தப் பகுதியை வீட்டுக்காரரிடமும் படித்துக் காட்டுங்கள். கிளினிக்குக்குப் போகும் நாளில் அரை நாள் கூலி போகிறதே என்று முகம் சுளிக்காமல், மோட்டார் சைக்கிளை எடுத்து நிறுத்துகிற கணவன்தான் பாதி மருந்து. மீதிப் பாதி, "மருமகளே, மாத்திரை போட்டாயா?" என்று விடியற்காலையில் கேட்கிற மாமியார்.

கடிதம் எழுதிய சகோதரியிடமிருந்து போன வாரம் மறுபடி நாலு வரி வந்தது. என் பதிலை மாமிக்கு உரக்கப் படித்துக் காட்டினாராம். மாமி ஒன்றும் பேசவில்லையாம். மறுநாள் காலையில் சேலையை மாற்றிக்கொண்டு, "வா, நானும் வருகிறேன்" என்று வாசலில் நின்றாராம். இரத்தம் எடுத்தார்கள், டி.எஸ்.எச். கூடித்தான் இருந்தது. மாத்திரையின் அளவைக் கூட்டிவிட்டார்கள். நாலு வாரத்தில் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். போன மூன்று வாரத்தைத் திருப்ப முடியாது. இனி வரும் வாரங்களைத் தவற விடாமல் பார்த்துக்கொள்ளலாம். அவருக்காக நீங்களும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.

உங்கள் அன்பு அக்கா